கீரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின்: உடலில் இரும்பின் வரவும் செலவும்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு வயது 43. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். முகாம் ஒன்றில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்புள்ள புரதம்) 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 11.8 கிராம் என்று வந்தது. "கொஞ்சம்தான் குறைவு, கீரை, பீட்ரூட், பேரீச்சை கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சில மாதங்கள் விடாமல் கொடுத்தும் அளவு அப்படியே நிற்கிறது. சாப்பிடும் இரும்பெல்லாம் எங்கே போகிறது என்பது உங்கள் கேள்வி.

சாப்பிட்ட இரும்பில் பெரும்பகுதி உடலுக்குள் நுழையவே இல்லை. நுழைந்த சிறு பகுதியும் ஏதோ ஒரு வழியில் இரத்தமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் இதுதான் விடையாக இருக்கும். இதைப் புரிந்துகொள்ள, இரும்பின் விஷயத்தில் நம் உடல் மற்ற உப்புகளுக்குச் செய்வதைச் செய்வதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோடியமோ பொட்டாசியமோ மிகுந்தால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். இரும்பை அவ்வாறு கழித்துத் தள்ள நமக்கு ஓர் உறுப்பு இல்லை. உடலில் இரும்பின் அளவு கழிவினால் அல்ல, குடலில் உறிஞ்சப்படும் அளவினால்தான் கட்டுப்படுத்தப்படுகிறது என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த மெக்கான்ஸ், விடோசன் என்ற இருவர் 1937இல் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் அனைத்தும் அந்தக் கருத்தை உறுதிப்படுத்தியே வந்திருக்கின்றன.

வளர்ந்த ஓர் ஆணின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும்; பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் போடத் தேவைப்படும். மீதியில் ஒரு பகுதி தசைகளிலும் நொதிகளிலும் வேலை செய்கிறது. மற்றொரு பகுதி ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் அடைத்து வைக்கப்பட்ட சேமிப்பாகக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கிறது. ஆண்களுக்கு இந்தச் சேமிப்பு ஒரு கிராம் வரை இருக்கும். மாதவிடாய்ப் பருவத்துப் பெண்களுக்கு 300 மில்லிகிராம் இருந்தாலே நல்ல நிலை. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு அதுவும் கிடையாது.

எலும்பு மஜ்ஜை புதுச் சிவப்பணுக்களை உருவாக்க ஒவ்வொரு நாளும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பைக் கேட்கிறது. உணவிலிருந்து வருவதோ நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். மீதி முழுவதும் பழைய அணுக்களிலிருந்து மீட்கப்படுவது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து தேய்ந்ததும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அதை உடைத்து, இரும்பைப் பிரித்து, இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இவ்வளவு சிக்கனமாக நடக்கும் இந்தச் சுழற்சியில், தோலிலும் குடலிலும் உதிரும் செல்களோடும், பித்தத்தோடும், மிகச் சிறிய அளவில் சிறுநீரோடும் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டும் வெளியேறுகிறது. இதை யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எனவே ஒருவருக்கு இரும்பு குறைகிறது என்றால் உள்ளே வருவது போதவில்லை, அல்லது உடலைவிட்டு இரத்தம் போகிறது, அல்லது கர்ப்பம், வளரும் பருவம் போன்று தேவையே கூடியிருக்கிறது. உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை முதல் இரண்டையும் பார்க்க வேண்டும்.

உள்ளே வரும் வழியை எடுத்துக்கொள்வோம். உணவில் இரும்பு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஆட்டு ஈரல், இறைச்சி, மீன், கோழி ஆகியவற்றில் ஒரு பகுதி ஹீம் இரும்பாக, அதாவது ஹீமோகுளோபினில் இருக்கும் அதே வடிவத்தில் இருக்கிறது. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உடல் எடுத்துக்கொள்ளும், கூட என்ன சாப்பிட்டோம் என்பது அதைப் பெரிதாகப் பாதிக்காது. கீரை, தானியம், பருப்பு, அவரை, காய்கறி, முட்டை ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் ஹீம் அல்லாத இரும்பு. அதில் சில சதவீதமே உறிஞ்சப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் என்று வைத்திருப்பது, நம் உணவிலிருந்து ஏறத்தாழ 8 சதவீதமே உள்ளே போகும் என்ற கணிப்பினால்தான்.

ஹீம் அல்லாத இரும்பு முதலில் வயிற்று அமிலத்தில் கரைய வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு இங்கேயே தடை ஏற்படுகிறது. கரைந்த இரும்பு இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலின் மேல் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. அந்தச் சிறு நீளத்தைத் தாண்டிப் போனது பெரும்பாலும் வீண்தான். உணவில் வருவது பெரும்பாலும் ஃபெர்ரிக் வடிவம்; குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள நொதி ஒன்று அதை ஃபெர்ரஸ் வடிவத்துக்கு மாற்றிய பிறகே அதைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கடத்திப் புரதம் ஏற்றுக்கொள்ளும். வைட்டமின் சி இந்த மாற்றத்துக்கும், இரும்பு கரைந்த நிலையிலேயே இருப்பதற்கும் உதவுகிறது. ஆனால் குடல் செல்லுக்குள் நுழைந்துவிட்டதாலேயே அது இரத்தத்தை அடைந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. செல்லின் மறுபுறத்தில் ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. அது திறந்திருந்தால் இரும்பு இரத்தத்துக்குப் போகும். மூடியிருந்தால் ஃபெரிட்டினாகச் செல்லுக்குள்ளேயே தங்கி, மூன்று முதல் ஐந்து நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும்.

அந்த வாசலைத் திறக்கவும் மூடவும் செய்வது கல்லீரலில் உற்பத்தியாகும் ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோன். 25 அமினோ அமிலங்களால் ஆன இந்த ஹார்மோன் 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் கண்டறியப்பட்டது. அதுவரை பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பல புதிர்களுக்கு அது விடை தந்தது. இரும்பு நிறைய இருந்தால் கல்லீரல் ஹெப்சிடினைக் கூட்டுகிறது. அது ஃபெரோபோர்ட்டினோடு ஒட்டிக்கொண்டு அதை அழித்துவிடுகிறது. இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் குறைந்து வாசல் திறக்கிறது. காய்ச்சலோ நீடித்த அழற்சியோ இருந்தால், இரும்புப் பற்றாக்குறை இருந்தாலும்கூட, ஹெப்சிடின் கூடிவிடுகிறது. நோய்க்கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். அவற்றுக்குக் கிடைக்காமல் செய்ய உடல் எடுக்கும் தற்காப்பு இது. மூட்டுவாதமோ நீண்டநாள் தொற்றோ உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சேமிப்பு நிறைந்திருந்தும் விழுங்கு செல்களிலிருந்து வெளிவர முடியாமல் இரும்பு அடைபட்டுக் கிடக்கும்.

வாசலைத் தாண்டிய இரும்பு தனியாக இரத்தத்தில் திரிய விடப்படுவதில்லை. கட்டற்ற இரும்பு செல்களைச் சிதைக்கும் வேதிவினைகளைத் தூண்டும். ஆகவே அது மீண்டும் ஃபெர்ரிக் வடிவத்துக்கு மாற்றப்பட்டு, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் ஏற்றப்படுகிறது. ஒரு டிரான்ஸ்ஃபெரின் இரண்டு இரும்பு அணுக்களைச் சுமக்கும். நலமான ஒருவருக்கு இந்த இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் நிரம்பியிருக்கும். ஒரு நேரத்தில் இரத்தத்தில் இப்படிப் பயணிக்கும் இரும்பு 3 அல்லது 4 மில்லிகிராம்தான். அது ஒரே நாளில் பல முறை காலியாகி நிரம்புகிறது. மஜ்ஜையில் வளரும் இளஞ்செல்கள் தம் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் டிரான்ஸ்ஃபெரினைப் பிடித்து உள்ளே இழுத்து, அமிலத் தன்மை கொண்ட சிறு பையில் இரும்பைக் கழற்றிக்கொண்டு, காலிப் புரதத்தை மறுபடியும் இரத்தத்துக்கு அனுப்பிவிடுகின்றன.

இனி உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறேன். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமியால் வருவது. அதில் இரும்பு 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை. பேரீச்சையும் இந்த வேலைக்குப் பெரிய துணை அல்ல. கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் அதிலுள்ள பாலிஃபீனால்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ராகிக் களி, சாமை, அவரைக் குழம்பு என்று மலையில் பழக்கமான உணவுகளில் இரும்பும் இருக்கிறது, அதைக் கட்டிப்போடும் ஃபைட்டேட்டும் இருக்கிறது. ராகியை முளைகட்டினாலும், அவரையையும் மொச்சையையும் இரவு முழுக்க ஊறவைத்து அந்த நீரைக் கொட்டினாலும் ஃபைட்டேட் கணிசமாகக் குறையும். முளைகட்டும் பழக்கம் நம் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அதை விட்டுவிட்டது நமக்கு நஷ்டம்.

எல்லாவற்றையும்விட இந்த மலையில் நான் முதலில் கேட்கும் கேள்வி, டீ எப்போது குடிக்கிறீர்கள் என்பதுதான். காலையில் டிபனோடு டீ, தோட்டத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்ததும் ஃபிளாஸ்கிலிருந்து டீ, மாலையில் வீடு திரும்பியதும் டீ என்பது கொழுந்து பறிக்கும் பெண்களின் அன்றாடம். தேயிலையின் டேனின்கள் ஹீம் அல்லாத இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன. உணவோடு ஒரு கோப்பை சாயம் கூடிய டீ குடித்தால் அந்த வேளை உணவின் இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே போகிறது. பால் சேர்ப்பதால் இந்தத் தடை சொல்லும்படியாகக் குறைவதில்லை. டீயை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் குளிரும் மழையும் விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பின்போ குடித்தால் போதும். சாப்பாட்டோடு வைட்டமின் சி வர வேண்டும்: ஒரு துண்டு கொய்யா, நெல்லிக்காய், பச்சையாக அரிந்த முட்டைக்கோசில் பிழிந்த எலுமிச்சை. கோஸை நன்றாக வேகவைத்தால் அதிலிருக்கும் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால், வாரம் இரண்டு நாள் சிறிதளவு மீனோ இறைச்சியோ சேர்ப்பது, தன் இரும்பைத் தருவதோடு கூட இருக்கும் கீரையின் இரும்பும் உறிஞ்சப்படத் துணை செய்கிறது.

உணவு மட்டும் ஏன் போதவில்லை என்பதை இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அம்மாவின் உடலில் 4 லிட்டர் இரத்தம் இருப்பதாகக் கொள்வோம். ஹீமோகுளோபின் ஒரு கிராம் ஏறுவது என்றால் ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் ஒரு கிராம், அதாவது மொத்தம் 40 கிராம் புது ஹீமோகுளோபின். அதற்கு வேண்டிய இரும்பு 40 × 3.4 = 136 மில்லிகிராம். உணவைத் திருத்தியதால் இழப்புக்கு மேல் நாளுக்கு அரை மில்லிகிராம் மிச்சம் பிடித்தாலும் 270 நாளுக்கு மேல் ஆகும். நான்கைந்து மாதத்தில் கீரையால் அளவு ஏறவில்லை என்பதில் வியப்பு இல்லை.

அந்த அரை மில்லிகிராம் மிச்சமாவது பிடிக்கிறதா என்பதே சந்தேகம். ஹீமோகுளோபின் 12க்குக் கிட்டத்தில் இருப்பவரின் ஒவ்வொரு மில்லிலிட்டர் இரத்தத்திலும் சுமார் 0.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. சாதாரண மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலிட்டர் போகும். மாதம் முழுவதற்கும் பரப்பினால் நாளுக்கு அரை மில்லிகிராம் கூடுதல் செலவு. 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது மிகையான போக்கு. அப்போது நாளுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் கூடுதலாகப் போகிறது, இயல்பான இழப்பு அப்படியே இரட்டிப்பாகிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறி, கட்டி கட்டியாக, ஏழெட்டு நாள் நீடிப்பது மிகவும் பொதுவானது. "இந்த வயதில் இப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அம்மாவிடம் இதைக் கேளுங்கள். மகளைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொல்லாமல் இருக்கலாம்.

அடுத்தது கொக்கிப்புழு. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில், மலம் கலந்த இடங்களில் அதன் இளம்புழு வாழ்ந்து, வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே வந்து, கடைசியில் சிறுகுடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. இரண்டு வகைகளில் பெரியதான ஒன்று, ஒரு புழுவுக்கே நாளுக்கு 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை இரத்தத்தை இழக்கச் செய்யும். நாற்பது புழு இருந்தால் 8 மில்லிலிட்டர் வரை, அதாவது 3 மில்லிகிராம் அளவு இரும்பு. அதில் ஒரு பகுதி குடலிலேயே மீண்டும் உறிஞ்சப்பட்டாலும் மீதி நட்டத்தை எந்தக் கீரையாலும் ஈடுகட்ட முடியாது. மலப் பரிசோதனையில் முட்டை தெரியும். அல்பெண்டசோல் மாத்திரையில் தீரும். தோட்டத்தில் காலணி போடாமல் இருந்தால் திரும்ப வரும். மூன்றாவதாக, கூடை சுமக்கும் முதுகுக்கும் தோளுக்கும் டிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தினமும் போடும் பழக்கம் இருந்தால், வயிற்றில் புண்ணாகிக் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியலாம். மூலத்தில் போகும் இரத்தத்தையும் சிறிதென்று விடக் கூடாது. வியர்வையில் இரும்பெல்லாம் போய்விடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அதில் போவது மிகச் சொற்பம்.

முகாமில் கவனிக்காமல் விட்டதாக நான் நினைப்பது உயரத்தை. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் அளவிலும், ஊட்டி 2,240 மீட்டர் அளவிலும் இருக்கின்றன. ஊட்டியின் காற்றில் மூச்சுக்கு கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்கிற்குச் சற்று மேல்தான். சிறுநீரகம் இதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. மஜ்ஜை அதிகச் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. அந்த இளஞ்செல்கள் எரித்ரோஃபெரோன் என்ற செய்தியை அனுப்பிக் கல்லீரலில் ஹெப்சிடினைக் குறைத்து இரும்பு வாசலை அகலத் திறக்கின்றன. ஆகவே மலையில் வாழும் நலமான பெண்ணின் ஹீமோகுளோபின் சமவெளிப் பெண்ணைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 என்ற எல்லை கடல் மட்டத்துக்கானது. உயரத்தில் எடுத்த அளவிலிருந்து ஒரு பகுதியைக் கழித்துத்தான் அந்த எல்லையோடு ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 1,500 மீட்டருக்கு 0.5 கிராம், 2,000 மீட்டருக்கு 0.8 கிராம் கழிக்க வேண்டும். 2024இல் வந்த வழிகாட்டுதல் 1,500 முதல் 2,000 மீட்டர் வரையான உயரத்துக்கு 1.1 கிராம் கழிக்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவின் 11.8 உண்மையில் 10.7க்குச் சமம். "கொஞ்சம்தான் குறைவு" என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. இது மருந்து தேவைப்படும் நிலை.

மருந்துக்கு முன் ஒரு சோதனை வேண்டும். மருத்துவரிடம் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்பது உறுதி. அழற்சியோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அந்த நிலையில் 70க்குக் கீழே இருந்தாலே குறைவாகக் கொள்கிறார்கள். இந்த மலையில் இதை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் அரிவாள் செல் என்ற பரம்பரைக் குறை முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் அது இன்றும் உள்ளது. அரிவாள் செல் நோயில் சிவப்பணு 120 நாளுக்குப் பதிலாகப் பத்து, இருபது நாளிலேயே உடைகிறது. ஆனால் இரும்பு உடலைவிட்டுப் பெரிதாகப் போவதில்லை, அதனால் சோகை இருந்தும் இரும்புக் குறை இல்லாமல் இருக்கலாம். இரத்தம் ஏற்றும்போது ஒவ்வொரு பையும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பைச் சேர்க்கிறது. கழிக்க வழியில்லாத உடலில் அது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. இவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இரும்பு மாத்திரை கொடுப்பது தவறு.

சேமிப்பு காலி என்று உறுதியானால், 60 மில்லிகிராம் இரும்புள்ள சாதாரண மாத்திரையே போதும். குறைபாடு உள்ளவர் அதில் ஆறு முதல் ஒன்பது மில்லிகிராம் வரை உறிஞ்சுவார். மேலே போட்ட 136 மில்லிகிராம் கணக்கு ஒரு மாதத்துக்குள் தீரும். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஏறி ஏறத்தாழ ஒரு நாள் நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் செய்து 2017இல் வெளியான ஆய்வில், தினமும் போட்டபோது சுமார் 16 சதவீதமும், ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டபோது சுமார் 22 சதவீதமும் உறிஞ்சப்பட்டது. வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும் தாளாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பது நல்ல வழி. மருத்துவரிடம் கேட்டு அப்படி மாற்றிக்கொள்ளலாம். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு போட வேண்டும். டீ, பால், கால்சிய மாத்திரை ஆகியவை இரண்டு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையினால்தான், பயம் வேண்டாம். மாத்திரை தொடங்கும் முன்பே கறுத்துத் தார் போல் போயிருந்தால் மட்டும் அது இரத்தக் கசிவாக இருக்கலாம் என்பதை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான்கு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில், கையில் ஊசி போட்டு எடுத்த இரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். விரல் நுனியில் எடுக்கும் துளியில் அளவு முன்பின்னாக வரும். ஒரு கிராம் அளவுக்கு ஏறியிருந்தால் சரியான வழியில் போகிறோம். ஏறவில்லை என்றால் மாத்திரை உள்ளே போகிறதா, டீ எப்போது குடிக்கிறார், இரத்தம் இன்னும் போகிறதா என்று அதே வரிசையில் மீண்டும் தேட வேண்டும். ஏறிய பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும், ஏனெனில் ஹீமோகுளோபின் நிரம்பிய பிறகுதான் கல்லீரலின் சேமிப்பு நிரம்பத் தொடங்குகிறது.